நீ எனக்கு ஒரு லிங்க், நான் உனக்கு ஒரு லிங்க்... இந்த 'மொய்' கணக்கு கூகுளில் செல்லுமா?

சொந்தமாக ஒரு வெப்சைட் நடத்துகிறீர்களா? அப்படியென்றால் இந்த ரக மெயில் உங்கள் இன்பாக்ஸிலும் ஒருமுறையாவது வந்து விழுந்திருக்கும். 'உங்கள் தளத்தைப் பார்த்தோம், பிரமாதம். உங்கள் கட்டுரை ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு லிங்க் கொடுங்கள். பதிலுக்கு எங்கள் தளத்திலிருந்து உங்களுக்கும் ஒன்று கொடுக்கிறோம். எங்கள் டி.ஏ. ஐம்பதுக்கு மேல். இரண்டு பேருக்கும் லாபம்!' காசு கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஒரே ஒரு லிங்க்தானே, கொடுத்துவிட்டுப் போவோமே என்றுதான் தோன்றும்.

ஒருவேளை அந்த மெயிலை அனுப்புகிற இடத்தில் நீங்கள் இருக்கலாம். டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியில் எஸ்.இ.ஓ. வேலை, 'மாதம் இத்தனை பேக்லிங்க்' என்று டார்கெட், வாரக் கடைசியில் எக்ஸெல் ஷீட்டை நிரப்பியாக வேண்டும் என்றால், லிங்க் மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழி தெரியாது. அவர்களைக் குறை சொல்வதற்காக இந்தக் கட்டுரை இல்லை.

கேள்வி இதுதான். இப்படி லிங்க்கை மாற்றிக்கொண்டால் கூகுள் தேடலில் மேலே வருவோமா, கீழே போவோமா?

நேரடியான பதில்: இன்றைய தேதியில் பெரும்பாலும் இரண்டுமே நடக்காது. லிங்க் இருக்கும், பலன் இருக்காது. உண்மையான சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லிங்க்குக்கு எப்படி வந்தது இவ்வளவு மவுசு?

1990-களின் நடுவில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள வார்த்தைகளைத்தான் நம்பின. 'கார்' என்று தேடினால் 'கார்' என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அந்தப் பக்கங்கள் வரும். விளைவு என்ன? ஒரே சொல்லை நூறு தடவை, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் இதுதான் கதி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு மாதிரி யோசித்தார்கள். 1996-ல் அவர்கள் தொடங்கிய திட்டத்தின் பெயர் பேக்ரப். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம் என்பது அதன் அடிப்படை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இது பழைய பழக்கம். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைச் சொல்வார்கள். வெப்பில் அந்த மேற்கோளின் இடத்தில் இருப்பது லிங்க்.

எல்லா லிங்க்கும் ஒரே எடை கிடையாது என்பது அடுத்த நுணுக்கம். பலர் மதிக்கும் பக்கம் தரும் லிங்க்குக்கு எடை அதிகம். அதே சமயம், ஒரு பக்கம் தன்னிடம் உள்ள மதிப்பைத் தான் தரும் லிங்க்குகளுக்குப் பிரித்துத்தான் கொடுக்கிறது. பத்து லிங்க் கொடுத்தால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. இருநூறு லிங்க் அடுக்கிய 'எங்கள் நண்பர்கள்' பக்கத்தில் உங்கள் பெயரும் இருந்தால், இருநூற்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்குக்கு லாரி பேஜின் பெயரிலிருந்தே பேஜ்ரேங்க் என்று பெயர் வந்தது. 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனமானது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பேஜ்ரேங்க்கை விளக்கி 1998-ல் வந்த ஆய்வறிக்கையை பேஜ், பிரின் இருவரோடு ராஜீவ் மோத்வானி, டெர்ரி வினோகிராட் ஆகியோரும் சேர்ந்து எழுதினார்கள். மோத்வானி ஜம்முவில் பிறந்தவர், ஐஐடி கான்பூரில் படித்தவர். இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று மட்டும் லிங்க் கொடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அந்த அறிக்கையே பேசுகிறது. வெளியிலிருந்து ஒருவர் அந்த இரண்டில் ஒன்றுக்கு லிங்க் கொடுத்தால் போதும். உள்ளே வரும் மதிப்பு அந்த இரண்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகும், வெளியே கசியாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேங்க் சிங்க்'. ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்ய அவர்கள் ஒரு கற்பனை ஆளைக் கொண்டுவந்தார்கள். லிங்க்குகளைக் கிளிக் செய்துகொண்டே போகும் அவர், ஒரு கட்டத்தில் போரடித்துப்போய் சம்பந்தமே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். அதனால் எந்த இரண்டு பக்கமும் அவரை நிரந்தரமாகத் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்க முடியாது. அவர் லிங்க்கைத் தொடர்ந்து போவதற்கான வாய்ப்புக்கு பேஜ், பிரின் வழக்கமாக வைத்த எண் 0.85. 'நீ எனக்கு, நான் உனக்கு' விளையாட்டு கணக்கைக் குழப்பும் என்பது கூகுள் கம்பெனி ஆவதற்கு முன்பே அதை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மொய் நோட்டும் பச்சைப் பட்டையும்

2000 டிசம்பரில் கூகுள் டூல்பார் வந்தது. அதில் ஒரு சின்ன பச்சைப் பட்டை. நீங்கள் பார்க்கும் பக்கத்தின் பேஜ்ரேங்க் பத்துக்கு எவ்வளவு என்று அது காட்டும். வாசகர்களுக்கு ஒரு தகவலாகக் கொடுத்த எண், தள உரிமையாளர்களிடம் நாணயமாக மாறியது. 'பி.ஆர். 6 தளத்தில் லிங்க் இருக்கு, என்ன விலை தருவீங்க?' என்று பேரம் பேசும் சந்தை உருவானது. காசு இல்லாதவர்கள் பண்டமாற்று செய்தார்கள். 'லிங்க் பார்ட்னர்ஸ்' என்று தனிப் பக்கங்கள், லிங்க் மாற்றிக் கொடுப்பதற்கென்றே சாஃப்ட்வேர்கள் என்று எல்லாம் வந்தன.

நம்மூர் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க மொய் ஒன்று போதும். கல்யாணத்தில் நாம் வைக்கும் 500 ரூபாய் நோட்டில் ஏறுகிறது. நம் வீட்டு விசேஷத்தில் அது 501 ஆகவோ 1000 ஆகவோ திரும்பி வருகிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் இது வட்டியில்லாக் கடன் மாதிரியே இயங்குகிறது. அதில் தப்பே இல்லை, ஒருவருக்கொருவர் கை கொடுக்கும் ஏற்பாடு அது. ஆனால் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, அந்த மொய் நோட்டை மட்டும் புரட்டிப் பார்த்து, 'இந்த ஊரிலேயே அதிக மரியாதை யாருக்கு?' என்று முடிவு செய்தால் எப்படி இருக்கும்? அந்தத் தொகையில் பாசம் கொஞ்சம், பழைய பாக்கி நிறைய.

கூகுள் அந்த வெளியூர் ஆள். அதனிடம் இருப்பது நோட்டு மட்டும்தான். எந்த வரி மரியாதை, எந்த வரி பாக்கி என்று பிரிக்கத் தெரியாவிட்டால் அதன் பிழைப்பே போய்விடும்.

(தமிழ் வலைப்பூக்களின் பழைய வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் கோலோச்சிய காலத்தில் 'மொய்க்கு மொய்' என்ற சொல்லே புழக்கத்தில் இருந்தது. நீ வந்து பின்னூட்டம் போட்டால் நானும் வந்து போடுவேன் என்று அர்த்தம். நட்புக்கும் திரட்டி ஓட்டுக்கும் அது உதவியது. கூகுளைப் பொறுத்தவரை பெரிதாக உதவியிருக்காது. பின்னூட்டத்தில் லிங்க் போட்டுக் குப்பை கொட்டுபவர்களைத் தடுக்க, 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தன. ப்ளாகரும் வேர்ட்பிரஸ்ஸும் அதை ஏற்றுக்கொண்டன. அந்த அடையாளம் இருந்த லிங்க் அப்போது வாசகரைக் கூட்டிச்சென்றது, மதிப்பைக் கூட்டிச்செல்லவில்லை.)

அதே 2005 கடைசியில் வந்த ஒரு அப்டேட்டுக்கு எஸ்.இ.ஓ. உலகம் வைத்த பெயர் ஜாக்கர். லிங்க் பண்ணைகள், காசுக்கு வாங்கிய லிங்க்குகள், பண்டமாற்று லிங்க்குகள் மூன்றுக்கும் அதில் அடி விழுந்தது. 2006-ல், கூகுளின் வெப்ஸ்பேம் பிரிவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ், சில தளங்களின் பக்கங்கள் ஏன் கூகுளில் காணாமல் போகின்றன என்பதைத் தன் பிளாகில் விளக்கினார். அந்தத் தளங்களுக்கு வரும் லிங்க்குகளின் மீதோ, அவை தரும் லிங்க்குகளின் மீதோ நம்பிக்கை இல்லாததுதான் காரணம் என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று, அளவுக்கு மீறிய பரஸ்பர லிங்க்குகள்.

கிறிஸ்துமஸ் அன்று காணாமல் போன தளம்

லிங்க் பண்டமாற்று எங்கே போய் முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ராப் ஜீனியஸ். பாட்டு வரிகளுக்கு ரசிகர்களே உரை எழுதும் அமெரிக்கத் தளம். 2009-ல் தொடங்கியது. 2012-ல் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற பிரபல முதலீட்டு நிறுவனம் அதில் 1.5 கோடி டாலர் போட்டது. பாட்டு வரி தேடி வருபவர்களில் ஏராளமானோர் கூகுள் வழியாகத்தான் வருவார்கள். அந்தத் துறையில் போட்டியும் கடுமை. ஒரே வரிகளை நூறு தளங்கள் வைத்திருக்கும்போது யார் மேலே வருவது என்பதுதான் மொத்த வியாபாரமும்.

2013 டிசம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு விட்டார். 'பிளாக் வைத்திருக்கிறீர்களா? எங்களோடு சேருங்கள், உங்களுக்கு நாங்கள் உதவுகிறோம், எங்களுக்கு நீங்கள் உதவுங்கள்' என்கிற தொனியில் இருந்தது அது. என்னதான் திட்டம் என்று ஓர் இளைஞர் மெயில் அனுப்பிக் கேட்டார். பதில் வந்தது. உங்கள் பதிவின் அடியில் நாங்கள் தரும் லிங்க்குகளை ஒட்டுங்கள், பதிலுக்கு உங்கள் பதிவை எங்கள் ட்விட்டர் கணக்கில் பகிர்கிறோம். அந்த லிங்க்குகள் எல்லாம் அப்போது புதிதாக வந்திருந்த ஜஸ்டின் பீபர் பாட்டு வரிகளின் பக்கங்களுக்குப் போயின. பிளாக் எதைப் பற்றியது என்பது ஒரு பொருட்டே இல்லை. சமையல் பதிவின் கீழேயும் பீபர் இருக்கலாம்.

அந்த இளைஞர் மெயிலை அப்படியே பொதுவெளியில் போட்டுவிட்டார். மேட் கட்ஸின் பார்வைக்கும் அது போனது. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ராப் ஜீனியஸ் கூகுளில் அதலபாதாளத்துக்குப் போனது. பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினாலும் வரவில்லை. தளத்தின் சொந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் முதல் பக்கத்தில் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிங்க்குக்கு லிங்க் என்று அவர்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை. லிங்க்குக்கு ஒரு ட்வீட், அவ்வளவுதான். ஆனாலும் கூகுளின் பார்வையில் இது பண்டமாற்றுதான். லிங்க்குக்குப் பதிலாகப் பணம், பொருள், சேவை எது கை மாறினாலும் அந்த லிங்க் 'கருத்து' என்ற தகுதியை இழக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். தங்கள் தளத்துக்கு லிங்க் கொடுக்கும் சுமார் 1.78 லட்சம் பக்கங்களின் பட்டியலைத் திரட்டினார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தாங்களே ஒரு புரோகிராம் எழுதினார்கள். சந்தேகத்துக்குரிய பக்கங்களின் உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு லிங்க்கை நீக்கச் சொன்னார்கள். 2014 ஜனவரி 4 அன்று தளம் திரும்பி வந்தது. மொத்தம் பத்து நாள்.

பத்து நாளில் வந்துவிட்டார்களே, பரவாயில்லையே என்று நினைப்பீர்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. கையில் இன்ஜினீயர்கள் இருந்தார்கள், பின்னால் பெரிய முதலீட்டாளர் இருந்தார், உலகமே அவர்கள் கதையைப் பேசிக்கொண்டிருந்தது. திருப்பூரில் டி-ஷர்ட் விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடைக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் கூகுளில் இல்லாமல் போனால் அந்தக் கடை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2011 பிப்ரவரியில் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கதையை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. பெண்களுக்கான உடை விற்கும் பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் லிங்க் வந்திருந்தது தெரியுமா? நோய்கள், கேமரா, நாய்கள், குறட்டை, குளியலறை டைல்ஸ், பல் டாக்டர்கள் பற்றிய தளங்களிலிருந்து! 'லிவிங் ரூம் ஃபர்னிச்சர்' தேடலில் முதலிடத்தில் இருந்தவர்கள் 68-வது இடத்துக்குப் போனார்கள். எங்களுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லி, எஸ்.இ.ஓ. வேலை பார்த்த நிறுவனத்தை பென்னி நீக்கியது. தண்டனை விலக மூன்று மாதம் ஆனது. அதே மாதம் ஓவர்ஸ்டாக் தளமும் மாட்டியது. கல்லூரித் தளங்களில் லிங்க் கொடுத்தால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி என்பது அவர்கள் திட்டம். 2013-ல் இன்டர்ஃப்ளோரா என்ற பிரிட்டிஷ் பூக்கடை நிறுவனம், பிராந்தியப் பத்திரிகைகளின் இணையதளங்களில் விளம்பரக் கட்டுரைகள் போட்டு லிங்க் வாங்கியதற்காகத் தேடலில் மறைந்தது. அதில் அந்தப் பத்திரிகைத் தளங்களின் பேஜ்ரேங்க்கும் சேர்ந்தே சரிந்தது. வாங்கியவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் அடி.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, 2012 ஜனவரியில் கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே 60 நாள் கீழே இறக்கியது. குரோம் விளம்பரத்துக்காக எழுதப்பட்ட ஒரு ஸ்பான்சர்டு பிளாக் பதிவில் நோஃபாலோ இல்லாத லிங்க் ஒன்று இருந்ததுதான் காரணம்.

அப்போ பரஸ்பர லிங்க் எல்லாமே தப்பா?

இல்லை. இங்கேதான் பலரும் பயந்து அடுத்த எல்லைக்குப் போய்விடுகிறார்கள். யாருக்கும் லிங்க்கே கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கூகுளின் ஸ்பேம் கொள்கையில் உள்ள சொல்லைக் கவனியுங்கள். 'அளவுக்கு மீறிய' லிங்க் பரிமாற்றமும், ஒருவருக்கொருவர் லிங்க் கொடுத்துக்கொள்வதற்காகவே உருவாக்கிய பார்ட்னர் பக்கங்களும்தான் விதிமீறல். எத்தனை இருந்தால் அளவுக்கு மீறியது? எண் எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஐம்பது என்று சொன்னால், நாளைக்கே எல்லோரும் 49-ல் நிற்பார்கள்.

இயல்பாகவே லிங்க் இரண்டு பக்கமும் போகும் இடங்கள் ஏராளம். ஒரு பல்கலைக்கழக ஆய்வைப் பற்றி பத்திரிகை எழுதினால் ஆய்வுக்கு லிங்க் கொடுக்கும். அந்தப் பல்கலைக்கழகம் 'செய்திகளில் நாங்கள்' பக்கத்தில் பத்திரிகைக்கு லிங்க் கொடுக்கும். மதுரையில் ஹோம்ஸ்டே நடத்துபவர், தன் விருந்தினர்களுக்கு நம்பகமான டூர் ஆபரேட்டரைப் பரிந்துரைப்பார். அந்த ஆபரேட்டரும் தங்குமிடம் கேட்பவர்களை இவரிடம் அனுப்புவார். கல்யாண மண்டபமும் போட்டோகிராஃபரும் இதே மாதிரிதான். யாருமே எக்ஸெல் ஷீட் போட்டு இதைச் செய்யவில்லை.

2020-ல் அஹ்ரெஃப்ஸ் என்ற எஸ்.இ.ஓ. கருவி நிறுவனம், கூகுளிலிருந்து நல்ல வருகை பெறும் சுமார் 1.4 லட்சம் தளங்களை ஆராய்ந்தது. அவற்றில் 73.6 சதவீதத் தளங்களில் பரஸ்பர லிங்க்குகள் இருந்தன. இந்த எண்ணைக் காட்டி 'பார்த்தீங்களா, லிங்க் எக்ஸ்சேஞ்ச் வேலை செய்கிறது' என்று சிலர் விற்கிறார்கள். அது அந்த ஆய்வு சொல்லாத முடிவு. நல்ல தளங்கள் ஒன்றையொன்று படிக்கின்றன, மேற்கோள் காட்டுகின்றன. அதனால் லிங்க் இரண்டு பக்கமும் அமைகிறது. அந்த லிங்க்கால்தான் அவை மேலே வந்தன என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி. பரஸ்பர லிங்க் இருந்தாலே கூகுள் தண்டிக்கும் என்றால் வெப்பில் முக்கால்வாசி நல்ல தளங்கள் காணாமல் போயிருக்க வேண்டும்.

மூணு பேர் சேர்ந்தால் கண்டுபிடிக்க முடியாதா?

இந்தக் குரூப்களில் பெருமையாகப் பேசப்படும் டெக்னிக் 'ஏ-பி-சி'. நான் உனக்கு, நீ அவனுக்கு, அவன் எனக்கு. நேரடியாக இரண்டு பேர் மாற்றிக்கொள்ளாததால் கூகுளுக்குத் தெரியாது என்பது நம்பிக்கை.

கொஞ்சம் யோசித்தாலே இது நிற்காது. மொத்த வெப்பையும் புள்ளிகளும் கோடுகளுமாகச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனம் அது. மூன்று புள்ளிகள் ஒரு வட்டம் போடுவதைக் கண்டுபிடிப்பது கணினி அறிவியல் மாணவரே எழுதக்கூடிய புரோகிராம். அதைவிட, பரிமாற்றத்தில் ஈடுபடுகிறவர்கள் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. அதே முப்பது, நாற்பது தளங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொள்கின்றன. பல் ஆஸ்பத்திரித் தளத்திலிருந்து கிரிப்டோ ஆப்புக்கு, அங்கிருந்து நாய் உணவுக்கு என்று போகும் கோடுகள் தூரத்திலிருந்து பார்த்தாலே துருத்திக்கொண்டு தெரியும். 2018 முதல் ஸ்பேம்பிரெய்ன் என்ற ஏஐ அமைப்பை கூகுள் பயன்படுத்துகிறது. 2022 டிசம்பரில் வந்த லிங்க் ஸ்பேம் அப்டேட்டில், லிங்க் வாங்கும் தளங்களோடு லிங்க் விற்பதற்கென்றே இருக்கும் தளங்களையும் அது கண்டுபிடிப்பதாக கூகுள் சொன்னது.

அடி விழாது, ஆனால் காசு போகும்

2012 ஏப்ரல் 24 அன்று பென்குயின் அப்டேட் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை அது பாதித்ததாக கூகுளே சொன்னது. போலி லிங்க் வைத்திருந்த தளங்கள் கீழே தள்ளப்பட்டன. அடுத்த பென்குயின் வரும்வரை, சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல், சரிசெய்தவர்களும் காத்துக்கிடந்தார்கள். 2016 செப்டம்பரில் இது மாறியது. பென்குயின் கூகுளின் மைய அல்காரிதத்தில் சேர்ந்து உடனுக்குடன் இயங்கத் தொடங்கியது. முக்கியமாக, தளத்தைத் தண்டிப்பதற்குப் பதில் அந்த லிங்க்கை மட்டும் மதிப்பில்லாததாக ஆக்குவது அதன் வேலையானது.

கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். எனக்கென்னவோ சின்ன நிறுவனங்களுக்கு இது பழைய முறையைவிட மோசமாகப் படுகிறது. முன்பு தண்டனை கிடைத்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றாவது தெரியும். இப்போது எந்த அறிவிப்பும் வராது. ஏஜென்சி மாதாமாதம் '25 பேக்லிங்க் முடிச்சாச்சு' என்று ரிப்போர்ட் அனுப்பும். லிங்க்குகள் நிஜமாகவே இருக்கும், கிளிக் செய்தால் வேலையும் செய்யும். கூகுளின் கணக்கில் மட்டும் அவை பூஜ்ஜியம். செல்லாத நோட்டை எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்குவது மாதிரி.

அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு எண் வேறு இருக்கும், டி.ஏ. அல்லது டி.ஆர். டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற நிறுவனம் கொடுக்கும் மதிப்பெண். டொமைன் ரேட்டிங் அஹ்ரெஃப்ஸ் கொடுப்பது. இரண்டும் கூகுளுடையவை அல்ல, கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதும் இல்லை. கூகுளின் பச்சைப் பட்டையோ 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. அந்தக் காலி இடத்தில் இந்த எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. லிங்க் மாற்றிக்கொண்டால் டி.ஏ. ஏறும், ஏறிய டி.ஏ.வைக் காட்டி இன்னும் நாலு பேரிடம் லிங்க் மாற்றலாம். வண்டி ஓடுகிறது, ஊர் மட்டும் வரவில்லை.

லிங்க்கின் மவுசே மெல்லக் குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016-ல் கூகுள் ஊழியர் ஒருவர், ரேங்க்கைத் தீர்மானிக்கும் முதல் இரண்டு காரணிகள் கன்டென்ட்டும் லிங்க்கும்தான் என்றார். 2023-ல் கூகுளின் கேரி இலியஸ், லிங்க் முதல் மூன்றில்கூட இல்லை என்றார். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் கொள்கைப் பக்கத்தைத் திருத்தியபோது, லிங்க் ஒரு 'முக்கியமான' காரணி என்றிருந்த இடத்தில் 'முக்கியமான' என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதற்காக லிங்க் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம்பகமான ஒரு தளம் தானாக உங்களைக் குறிப்பிட்டால் அதற்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

சரி, அந்த மெயிலுக்கு என்ன பதில் போடுவது?

கூகுள் தன் பழைய வழிகாட்டியிலேயே ஒரு கேள்வி வைத்திருந்தது. தேடுபொறி என்ற ஒன்றே இல்லையென்றாலும் இதைச் செய்வீர்களா? இந்த விஷயத்துக்கு இதைவிட நல்ல வடிகட்டி எனக்குத் தெரியவில்லை. அந்த ஹோம்ஸ்டேகாரர் டூர் ஆபரேட்டருக்கு லிங்க் கொடுப்பார், ஏனென்றால் விருந்தினர் கேட்கிறார். அந்த லிங்க் வழியாக மாதம் பத்துப் பேர் வந்தாலும் அது வியாபாரம்தான், கூகுள் அதை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும். மெயில் அனுப்பிய தளத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வாசகருக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா? இருந்தால் கொடுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காமலேயே கொடுங்கள். நேற்று ஜோதிடம், இன்று வீட்டுக் கடன், நாளை பூனை வளர்ப்பு என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதும் தளம் என்றால் மெயிலை அழித்துவிடலாம்.

பணமோ, பொருளோ, தள்ளுபடியோ கை மாறிய லிங்க் என்றால், 2019-ல் அறிமுகமான 'ஸ்பான்சர்டு' அடையாளத்தைப் போடச் சொல்லுங்கள். பழைய நோஃபாலோவும் செல்லும். விளம்பரம் செய்வது குற்றமில்லை, அதைக் கருத்து மாதிரி காட்டுவதுதான் பிரச்னை.

உங்கள் தளத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுக்கிறார்கள் என்பதை கூகுள் சர்ச் கன்சோலில் இலவசமாகப் பார்க்கலாம். 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியும் அங்கேயே இருக்கிறது. அது காலியாக இருந்தால் கூகுள் ஊழியர் யாரும் உங்கள் தளத்தின் மீது நேரடி நடவடிக்கை எடுக்கவில்லை என்று அர்த்தம். அதில் ஏதாவது இருந்தால் மட்டும் லிங்க்குகளை நீக்கச் சொல்லி, நீக்க முடியாதவற்றை 2012 முதல் இருக்கும் டிஸ்அவோ கருவியில் சேர்த்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏதோ ஒரு ரஷ்யத் தளம் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறது என்று பதறி எல்லாவற்றையும் டிஸ்அவோ செய்யத் தேவையில்லை. அந்த மாதிரிக் குப்பைகளை கூகுள் தானாகவே ஒதுக்கிவிடுகிறது.

எஸ்.இ.ஓ. வேலையை ஏஜென்சியிடம் விட்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். கடந்த ஆறு மாதத்தில் வாங்கிய ஒவ்வொரு லிங்க்கும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்குப் பதிலாக நம் தளத்திலிருந்து யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று முழுப் பட்டியல் கேளுங்கள். எங்களுக்குத் தெரியாது என்று ஜே.சி.பென்னி சொன்னதை கூகுள் ஏற்கவில்லை, உங்களிடமும் ஏற்காது. 'அது எங்கள் தொழில் ரகசியம்' என்று ஏஜென்சியிடமிருந்து பதில் வந்தால், அடுத்த மாத பில்லைக் கட்டுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.